மேல் இறக்கையை நான் ஒட்டவில்லை

சேசு மரி சூசை

மைசூர், லஷ்கர் மொஹல்லா
18 அக்டோபர் 2025, சனிக்கிழமை

அன்பு மகள் நிம்மிக்கு, அப்பா சகாயநாதன் வாயால் சொல்ல, அம்மா விக்டோரியா கையால் எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், ஆக்லாந்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தலையில் ஈரம் வைக்காமல், ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி இதை ஆரம்பிக்கிறேன். வாரத்துக்கு மூன்று தரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவர்களுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நாலு தரம் வாயெடுத்தேன். உன் முகம் தெரிந்ததும் சாப்பிட்டியாம்மா என்றுதான் வருகிறது, அதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். இந்த வரியை எழுத மாட்டேன் என்கிறாள், எழுது என்று சொல்லியிருக்கிறேன். விஷயம் இதுதான். நாளை காலை பூசை முடிந்து பத்து மணிக்கு ஊருக்கு வந்திருக்கிற உன் ஆக்லாந்து தெருக்காரன் சுரேந்தர் இங்கே வந்து, நீ பாதி கட்டிப் பரண் மேல் வைத்துவிட்டுப் போன பொம்மை விமான டப்பாவை வாங்கிக்கொண்டு போகிறான். அது அப்படியே இருக்கு, யாரும் தொடவில்லை என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். நான் தொட்டேன். தொட்டதோடு நிற்காமல் ஓர் இடத்தில் கெடுத்தும் வைத்திருக்கிறேன். நீ டப்பாவைத் திறக்கும் முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் கடிதத்தை உள்ளே போடாமல் மூடி மேல் வைத்து நூல் கட்டி அனுப்புகிறேன். தயவு செய்து முதலில் இதைப் படி.

காலையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்று தரம் கேட் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், நாளைக்கு வருகிறவன் இன்றைக்கே வந்து நிற்பான் போல. எதிர்வீட்டு நஞ்சம்மா, ஏன் அண்ணா, யாராவது வராங்களா என்று கேட்டாள். யாருமில்லையம்மா, சும்மாதான் என்றேன். சும்மா இருக்கத்தான் உங்க அண்ணனுக்குத் தெரியாதே என்று உள்ளேயிருந்து உன் அம்மா குரல் கொடுத்தாள். உண்மைதான். ஐம்பத்தாறு வருஷம் பன்னிமண்டபத்தில் பஸ் பாடிக்குப் பெயிண்ட் அடித்த கை, எழுபத்திரண்டு வயதிலும் வாரத்தில் நாலு நாள் ஷெட்டுக்குப் போய் ஷேடு கலந்து கொடுத்துக்கொண்டிருந்த கை. ஜூலை பதினாலாம் தேதி திங்கட்கிழமை வலது கண்ணில் ஆபரேஷன் செய்த டாக்டரம்மா, ஆறு வாரம் தூசி கூடாது, குனியக் கூடாது, ஷெட் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அப்புறம் ஆகஸ்ட் கடைசியில் இடது கண், அதற்கு இன்னொரு ஆறு வாரம். என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது என்ன தண்டனை என்று உனக்குத் தெரியாது. சுவரைப் பார்ப்பேன், ஒரு கண்ணை மூடுவேன், மறு கண்ணை மூடுவேன். ஆபரேஷன் ஆன கண்ணுக்குச் சுவர் வெள்ளை, ஆகாத கண்ணுக்கு அதே சுவர் வெண்ணெய் நிறம். அப்போதுதான் பகீரென்றது, கடைசி நாலைந்து வருஷம் நான் வெள்ளை என்று சொல்லிக் கலந்து கொடுத்ததெல்லாம் என்ன நிறமோ, கொள்ளேகால் ரோட்டிலும் ஹுன்சூர் ரோட்டிலும் எத்தனை பஸ் என் மஞ்சள் கண்ணோடு ஓடிக்கொண்டிருக்கிறதோ. உன் அம்மா முட்டிவலிக்கு எண்ணெய் மாற்றியிருக்கிறாள், பரவாயில்லையாம். தெருவில் சாக்கடைக்குத் தோண்டினார்கள், தசரா முடிந்தும் மூடவில்லை. வேறு சேதி இல்லை. இருந்தாலும் இன்றைக்கு எனக்குச் சொல்ல வராது, மனசெல்லாம் டப்பாவில் இருக்கிறது.

ஜூலை இருபத்து நாலு, வியாழக்கிழமை, அம்மா கோவிலில் மரியாயின் சேனை ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவை இறக்கினேன். கண்ணில் கட்டுப் போட்டுப் பத்தே நாள் ஆன மனுஷன் ஸ்டூலில் ஏறினார் என்பது உன் அம்மாவுக்கு இந்த நிமிஷம்தான் தெரியும், என்னைப் பார்க்கிற பார்வையை எழுத முடியாது. வேறு எதுவும் நினைத்து எடுக்கவில்லை நிம்மி, கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. நீ பன்னிரண்டு வருஷம் முன்னால் மூடியபடியே இருந்தது. மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு இறக்கை வைத்த பழைய காலத்து விமானம், அதன் உடம்பின் இரண்டு பாதியையும் கீழ் இறக்கையையும் ஒட்டி முடித்திருந்தாய், ஒட்டின இடத்தில் ஒரு மயிரிழை தெரியவில்லை, நானே தடவித் தடவிப் பார்த்தேன். உன் நகவெட்டி உள்ளேயே கிடந்தது. பசை பாட்டில் காய்ந்து கல்லாகிவிட்டது. மிச்ச பாகங்கள் எல்லாம் சட்டம் சட்டமாக, வெட்டி எடுக்காமல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நம்பரோடு. கீழே அந்தக் காகிதம் இருந்தது பார், எப்படிப் பூட்டுவது என்று காட்டுகிற பெரிய மடிப்புக் காகிதம். அதை விரித்ததும் அசந்துபோனேன். எழுத்தே இல்லை. படம், அம்பு, நம்பர், அவ்வளவுதான். நம்பர் எனக்குத் தெரியும், பெயிண்ட் டப்பாவை நம்பர் பார்த்துத்தானே எடுத்தேன் இத்தனை காலம். ஏழாம் நம்பரும் எட்டாம் நம்பரும் சேர்ந்து பைலட் உட்காருகிற நாற்காலி, இருபத்திரண்டு அதன் முன்னால் நிற்கிற கம்பி. ரேஷன் கார்டு, கரண்ட் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று என் கைக்கு வந்த காகிதம் எல்லாவற்றையும் யாரிடமாவது நீட்டி என்ன போட்டிருக்கு என்று கேட்டவன் நான். யாரையும் கேட்காமல் நானே முழுசாகப் படித்த காகிதம் அது ஒன்றுதான். அதுவே என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

கஷ்டமான வேலை அம்மா அது, நீ அந்த வயதில் அதைத் தொட்டாயே என்று ஆச்சரியமாக இருந்தது. ஒன்பது சிலிண்டர் வட்டமாக நிற்கிற இன்ஜின், ஒவ்வொன்றும் கடலைப் பருப்பு அளவு. கோவிலில் கொடுத்த குருத்தோலைக் குச்சி நுனியால், கடையில் புதிதாக வாங்கின பசை தொட்டு வைத்தேன், துணி காயப்போடுகிற கிளிப்பால் கவ்வி வைத்தேன், காய்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சக்கரத்து அச்சு ஒன்று கை தவறிக் கீழே விழுந்து காணாமல் போயிற்று. கட்டிலைத் தூக்கி, பாயை உதறி, அரிசி டப்பாவை நகர்த்தித் தேடினேன். உங்களுக்கு ஒரு குண்டூசி காணோம் என்றால் என் வீட்டையே கவிழ்க்க வேண்டுமா என்று உன் அம்மா கத்தினாள். கடைசியில் அவள் துடைப்பத்திலேயே சிக்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து நான் உட்காரும் இடத்தைச் சுற்றி வெள்ளைத் துணி விரித்து வைத்தாள், அவளும் கிட்ட வந்து உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தாள். அப்போதெல்லாம் நல்ல நாள்.

ஆகஸ்ட் ஒன்பது, சனிக்கிழமை. பெயிண்ட் அடிக்கத் துவங்கலாம் என்று மேல் இறக்கையைக் கையில் எடுத்தேன். உனக்குத் தெரியும், பெயிண்ட் அடிக்கும் முன்னால், பெயிண்டைக் கரைக்கிற தினரில் நனைத்த வேஸ்ட் துணியால் ஓர் இழுப்பு இழுக்க வேண்டும். கை எண்ணெய் இருந்தால் பெயிண்ட் பிடிக்காது, அடுத்த மழையில் பொரிப் பொரியாக எழும். நான் தொழிலுக்கு வந்த முதல் நாள் மேஸ்திரி சொன்னது அதுதான், நான் எல்லோருக்கும் முதலில் சொல்வதும் அதுதான். இடது கையில் இறக்கையைப் பிடித்து வலது கையால் ஓர் இழுப்பு. தினர் பட்டால் பிளாஸ்டிக் கரையும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பாய். தெரியும். பஸ்ஸின் பின் விளக்குக் கண்ணாடியில் ஒரு சொட்டு பட்டுவிட்டால் ஷெட்டே அதிர்கிற மாதிரி திட்டியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் கையில் இருந்தது இறக்கை. பிளாஸ்டிக் என்ற நினைப்பே வரவில்லை. துணி போர்த்திய மாதிரி வரிவரியாக இருந்த இடம் பால் ஆடை சுருங்குவது போலச் சுருங்கியது. ஐயோ என்று கீழே வைக்கப் பார்த்தேன், இடது பெருவிரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மெல்லப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தேன். என் பெருவிரல் ரேகை அத்தனையும் இறக்கையில் இறங்கியிருந்தது. எழுபத்தொன்பதில் பெயிண்ட் சுரண்டுகிற ஸ்கிரேப்பர் கிழித்த தழும்பு கூடக் குறுக்கே கோடாக விழுந்திருந்தது.

ஒன்பது நாள் அதன் பக்கம் போகவில்லை. கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். பிறகு மனசு கேட்காமல் எடுத்தேன். வெட்டி மிஞ்சின சட்டத்தில் முதலில் பழகிப் பார்த்துவிட்டு, ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டு நாலு நாள் இழைத்து, சுருக்கம் எல்லாம் எடுத்துவிட்டேன், வரியைக்கூட ஊசி முனையால் திரும்பக் கீறிவிட்டேன். பெருவிரல் மட்டும் ஆழம். பட்டி வைத்து அடைத்து இழைத்துவிடுங்கள், பிள்ளைக்குத் தெரியவா போகிறது என்றாள் உன் அம்மா. சொல்வது சுலபம், எனக்கும் அது அரைமணி வேலை, பஸ்ஸில் இதைவிடப் பெரிய பள்ளத்தை எல்லாம் மூடியவன்தான். மூன்று தரம் பட்டித் தகட்டைக் கையில் எடுத்தேன், மூன்று தரமும் துடைத்து உள்ளே வைத்துவிட்டேன். மற்ற இடங்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வாங்குகிற தண்ணீர்ப் பெயிண்ட் வாங்கி, மூடியில் இருக்கிற படத்தைப் பார்த்துக் கலந்து அடித்தேன்.

அப்புறம்தான் செப்டம்பர் இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை, நீ போன் செய்தாய். அங்கே ஒரு சர்ச் ஹாலில் வாரா வாரம் கூடி இதே மாதிரி விமானம் கட்டுகிறார்கள், நானும் சேர்ந்திருக்கிறேன், என் பழைய விமானத்தை நானே முடித்து மார்ச் மாதக் கண்காட்சியில் வைக்கப் போகிறேன் என்றாய். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், நான் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது. அடுத்த பேச்சாக, அப்பா, அது இருக்கா, இல்ல தூக்கிப் போட்டுட்டீங்களா என்று கேட்டாய். நீ சாதாரணமாகத்தான் கேட்டாய். எனக்குத்தான் சுருக்கென்றது. அந்த டப்பா விஷயத்தில் அப்பா தூக்கிப் போடக்கூடியவர் என்று உனக்கு ஒரு நினைப்பு இருக்கிறது, அது நியாயமான நினைப்பு. அதனால்தான் வாயில் பொய் வந்தது. அப்படியே இருக்கும்மா என்றேன். அன்றிலிருந்து இன்று வரை இருபது நாள், ராப்பகல் அதே யோசனை. சுரேந்தர் வந்து கேட்கும்போது எலி கடித்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது, அவ்வளவு தூரம் கெட்டுப்போயிருந்தேன்.

இவ்வளவு சொன்னவன் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. இரண்டாயிரத்துப் பதின்மூன்று, ஜூன் பத்தொன்பது, புதன்கிழமை. விமான ரிப்பேர் படிப்புக்குச் சீட்டுக் கிடைத்து உன்னைப் பெங்களூர் காலேஜுக்குக் கூட்டிப்போனேன். நீ பச்சைச் சுடிதார், என் கையில் உன் சர்டிபிகேட் போட்ட மஞ்சள் பை. ஆபீஸ் அறையில் நமக்கு முன்னால் ஆறு அப்பாக்கள். ஆறு பேர் சட்டைப் பையிலும் பேனா. ஒவ்வொருவரும் போய்க் குனிந்து சரசரவென்று போட்டுவிட்டு வந்தார்கள். நம் முறை வந்தது, தகப்பன் கையெழுத்து என்றான் குமாஸ்தா. நீ மெதுவாகத்தான் சொன்னாய், சார், அப்பா கைநாட்டு வைப்பார் என்று. அவன் மெதுவாகப் பேசவில்லை. உள்ளே பார்த்து, ஏ, மைப்பெட்டி எடுத்துட்டு வா என்று கன்னடத்தில் கத்தினான். ஆறு பேரும் திரும்பினார்கள். அவன் எட்டி என் விரலைப் பிடித்தான், பாங்கில் பிடித்து உருட்டுவார்களே, அந்த மாதிரி. நான் கையை உதறிவிட்டேன். இந்தப் படிப்பு வேண்டாம், வா போகலாம் என்று உன்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பொம்பளைப் பிள்ளை விமானத்துக்கு அடியில் படுத்து கிரீஸில் உருளுவாளா என்று பஸ் ஸ்டாண்டில் சொன்னேன், வீட்டில் சொன்னேன், கோவிலில் கேட்டவர்களுக்கும் சொன்னேன், சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன். மத்தூரில் வடை வாங்கிக் கொடுத்தேன், நீ அதை மடியிலேயே வைத்துக்கொண்டு மைசூர் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாய். மறுநாள் காலையில் டப்பாவை மூடிப் பரணில் வைத்தாய். பிறகு பல் செய்கிற படிப்புப் படித்தாய், நன்றாகப் படித்தாய், இன்று கடல் தாண்டி அந்த ஊர்க்காரர்களுக்குப் பல் செய்து கொடுக்கிறாய், உன்னால் எங்களுக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் அன்றைக்கு உன்னை நிறுத்தியது கிரீஸும் இல்லை, நீ பெண்ணாய்ப் பிறந்ததும் இல்லை. ஆறு பேர் முன்னால் விரலில் மை பூச என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். என்னைப் பாதுகாத்துக்கொள்ள உன் மேல் பழியைப் போட்டேன்.

உன் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இது அவளுக்கும் இப்போதுதான் தெரியும். அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் மறுநாள் முதல் பஸ்ஸில் நான் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பேனே பாவி மனுஷா என்றாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள், பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது, நான் மறுபடி கேட் வரைக்கும் போய் வந்தேன். இப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள், சொல்லுங்க என்கிறாள். காபி கொண்டு வந்திருக்கிறாள், எனக்கும்தான்.

டப்பாவில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உடம்பு, இன்ஜின், சக்கரம், வால், எல்லாம் பூட்டிப் பெயிண்ட் அடித்தது. அடிவயிற்றின் இடது பக்கம் வெண்ணெய் நிறமாகவும் வலது பக்கம் பால் நிறமாகவும் இருக்கும், இடது பக்கத்தை ஒரு கண் ஆபரேஷன் ஆன பிறகும், வலது பக்கத்தை இரண்டு கண்ணும் ஆன பிறகும் அடித்தேன். திருத்தலாம், திருத்த எனக்கு மனசு வரவில்லை, கேட்டால் ஒரு பக்கம் வெயில் பட்டது என்று சொல்லிக்கொள். இரண்டு இறக்கைக்கும் நடுவில் நிற்கிற எட்டுத் தூணும் தீப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அந்தத் தூண்களுக்கு நடுவே குறுக்கும் நெடுக்கும் கம்பி இழுக்க வேண்டும் என்று படத்தில் இருந்தது, தையல் நூல் தடிமன். உன் அம்மா சீப்பில் இருந்து நரைமுடி எடுத்துப் பழைய சட்டத்தில் கட்டிப் பார்த்தேன், அசல் கம்பி மாதிரி நிற்கிறது, பெயிண்டே வேண்டாம். முப்பது முடி ஓர் அட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் என் முடி வெளிநாடு போகிறது என்கிறாள். முறுக்கும் சுட்டாள், தின்பண்டம் ஏதும் வேண்டாம், ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சுரேந்தர் சொல்லிவிட்டான், ஆகவே முறுக்கை நானும் நஞ்சம்மாவும் தின்கிறோம்.

மேல் இறக்கையை நான் ஒட்டவில்லை. அது தனியாக, பஞ்சு சுற்றி, பெயிண்ட் அடிக்காமல் இருக்கிறது. எட்டுத் தூணும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும், அதுதான் இதில் இருக்கிற கஷ்டமான வேலை, அது உன்னுடைய வேலை. பெருவிரலை அடைக்க வேண்டும் என்றால் பட்டி அங்கேயே கிடைக்கும், மெல்லிசாக இரண்டு தரம் வை, முதல் தரம் நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவது. அடைத்துவிட்டால் கண்காட்சியில் ஒருத்தருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் வருத்தமில்லை. அப்படியே விட்டாலும் சரி. நீ என்ன முடிவு எடுத்தாய் என்று நான் கேட்க மாட்டேன். ஒன்று மட்டும், தினர் பக்கம் போகாதே, தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் போதும்.

அங்கே குளிர் இன்னும் போகவில்லை என்றாய், வேலை முடிந்து வரும்போது காதை மூடிக்கொள். பல்லுக்கு இழைக்கிற தூசு மூக்கில் ஏறாமல் முகத்துணி கட்டு, என் நெஞ்சு என்ன ஆயிற்று என்று பார்த்தாய் அல்லவா. டப்பா கைக்கு வந்ததும் போன் செய். திட்டுவதாக இருந்தால் என்னையே திட்டு, அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே. நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டுத்தான் உன்னை எப்போதும் வழியனுப்பியிருக்கிறேன், இங்கிருந்தே இப்போதும் போடுகிறேன், ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா சகாயநாதன்

அம்மா என் பெயரை எழுதிவிட்டு அதன் கீழே இடம் விட்டிருக்கிறாள். மைப்பெட்டி இன்று காலை தேவராஜ மார்க்கெட் பக்கம் போய் நானே கேட்டு வாங்கியது, கடையில் நாலு பேர் நின்றார்கள், யாருக்கு என்று கேட்டான், எனக்குத்தான் என்றேன். கீழே இருப்பது என் இடது பெருவிரல். யாரும் கையைப் பிடித்து வைக்கவில்லை. இறக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார், குறுக்கே அந்தக் கோடு இரண்டிலும் இருக்கும்.